பட்டியில் அடைத்த அலை

புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த செப்புக் குடத்தைப் பார்த்தால், உலோகம் எவ்வளவு வழவழப்பாக இருக்க முடியும் என்று தெரியும். முகம் பார்த்துக் கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அந்த வழவழப்பெல்லாம் நம் கண்ணுக்கும் விரலுக்கும்தான். அணுவின் அளவுக்குக் குனிந்து பார்க்க முடிந்தால், அதே குடத்தின் மேல் மலையும் மடுவும், படியும் பள்ளமும், எங்கிருந்தோ வந்து ஒட்டிக் கொண்ட அந்நிய அணுக்களும் நிறைந்திருப்பதைக் காணலாம்.

உலோகத்தின் மேற்பரப்பை ஆராய்கிறவர்கள் இந்தக் குறைகளை வெகு காலம் விரோதிகளாகவே பாவித்து வந்தார்கள். தேய்ப்பார்கள், காய்ச்சுவார்கள், காற்றே இல்லாத பாத்திரத்தில் வைத்து மறுபடியும் காய்ச்சுவார்கள். ஒரு மாசு, ஒரு மருவு இல்லாத பரப்பு கிடைத்துவிட்டால், உலோகம் தன் ரகசியத்தையெல்லாம் சொல்லிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நடந்தது கொஞ்சம் வேறு விதம். உலோகத்தின் மேல் உலாவும் எலெக்ட்ரான் ஓர் அலை என்பதை மனிதன் படமாகவே பார்த்தது, குறை இல்லாத இடத்தில் அல்ல. குறை இருந்த இடத்தில்தான். மாசில்லாத பரப்பு வாய் திறக்கவில்லை. வடுதான் பேசிற்று. அந்தச் சரித்திரத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது ஒரு டெலிபோன் கம்பெனியில் ஆரம்பித்து, 68 வருஷங்களுக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் போய் முடிகிறது.

1897-இல் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது, அது ஒரு சின்னஞ் சிறு துகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு எடை உண்டு, மின்சாரம் உண்டு, எறிந்தால் போகும், காந்தத்தைக் காட்டினால் வளையும். மூன்று வருஷம் கழித்து ஜெர்மனியில் பால் ட்ரூடே, உலோகத்துக்குள்ளே இந்தத் துகள்கள் வாயுவைப் போல அலைந்து கொண்டிருக்கின்றன என்றும், அவை அணுக்களின் மேல் முட்டி மோதிக் கொண்டு நகர்வதுதான் மின்னோட்டம் என்றும் சொன்னார். பட்டாணியைக் கொட்டின மாதிரி ஒரு சித்திரம். மனத்துக்கு எளிதாகப் பிடிபட்டது. கால் நூற்றாண்டு காலம் அந்தச் சித்திரம் செல்லுபடியாயிற்று.

1924-இல் பிரான்ஸில் லூயி த ப்ராய் என்ற பிரபு குலத்து இளைஞர் தம் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியில், ஒளி அலையாகவும் துகளாகவும் இருப்பது போல எலெக்ட்ரானும் ஏன் அலையாக இருக்கக் கூடாது என்று கேட்டார். கேள்வி அழகாக இருந்தது. ருசு இல்லை.

ருசு கிடைத்த விதம்தான் வேடிக்கை. நியூயார்க்கில் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் கிளின்டன் டேவிஸன் என்பவர் உத்தியோகம் பார்த்துக் கொண்டிருந்தார். டெலிபோன் குரலை நெடுந்தூரம் கொண்டு போக வேண்டுமானால் வால்வுகள் வேண்டும். வால்வுக்குள்ளே எலெக்ட்ரான்கள் உலோகத் தகட்டின் மேல் போய் மோதுகின்றன. மோதினால் என்ன ஆகிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். ஆகவே டேவிஸன் நிக்கல் தகட்டின் மேல் எலெக்ட்ரான்களை வீசி, அவை எந்தத் திசையில் எத்தனை சிதறுகின்றன என்று வருஷக் கணக்கில் எண்ணிக் கொண்டிருந்தார். லெஸ்டர் ஜெர்மர் அவருக்குத் துணை.

1925 பிப்ரவரியில் ஒரு நாள், திரவக் காற்று நிரப்பிய புட்டி ஒன்று வெடித்தது. பரிசோதனைக் குழாய் உடைந்து, காற்று உள்ளே புகுந்து, சூடாக இருந்த நிக்கல் தகட்டில் துரு ஏறிவிட்டது. தகட்டை வீசியெறிந்துவிட்டு வேறொன்று போட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. துருவைப் போக்குவதற்காகத் தகட்டை நீண்ட நேரம் காய்ச்சினார்கள். மறுபடியும் எலெக்ட்ரான்களை வீசினார்கள். பழைய கணக்கு அடியோடு மாறிப் போயிருந்தது! குழாயை வெட்டித் தகட்டை எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன்பு பொடிப் பொடியான எண்ணற்ற ஸ்படிகங்களாக இருந்த நிக்கல், காய்ச்சின காய்ச்சலில் ஒன்றோடொன்று சேர்ந்து, சில பெரிய ஸ்படிகங்களாகிவிட்டது.

அடுத்த வருஷம் கோடையில் இங்கிலாந்துக்குப் போயிருந்த டேவிஸன், ஆக்ஸ்போர்டில் நடந்த விஞ்ஞானிகள் மகாநாட்டில் உட்கார்ந்திருந்தார். மாக்ஸ் பார்ன் என்ற ஜெர்மானியர் பேசும்போது, எலெக்ட்ரான் அலை என்பதற்கு ஆதாரமாக டேவிஸனுடைய பழைய கணக்குகளையே எடுத்துக் காட்டினார். தம் வீட்டுப் பெட்டியில் இருப்பது என்ன என்று ஒருவருக்கு அடுத்த ஊரான் வந்து சொல்வது போல! ஊர் திரும்பிய டேவிஸன், ஒற்றை ஸ்படிகமாகவே ஒரு நிக்கல் துண்டைத் தயார் செய்து கொண்டு ஜெர்மரோடு உட்கார்ந்தார். 1927-இல் விடை கிடைத்தது. 54 வோல்ட் வேகத்தில் எறிந்த எலெக்ட்ரான்கள் 50 டிகிரிக் கோணத்தில் கூட்டமாகத் தெறித்தன. அலையாக இருந்தாலொழிய அப்படித் தெறிக்க வழியில்லை. த ப்ராய் சொன்ன அலை நீளமும் அதுவும் பொருந்தின. 1937-இல் டேவிஸனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே பங்கு பெற்றவர் ஜி. பி. தாம்ஸன், எலெக்ட்ரானைத் துகள் என்று கண்ட தகப்பனாருக்குப் பிள்ளையாகப் பிறந்து, அதை அலை என்று காட்டியவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேவிஸன் அலையைப் பார்க்கவில்லை. அலையாக இருந்தால் எங்கே போய் விழ வேண்டுமோ, அங்கே விழுந்தது என்று எண்ணிப் பார்த்தார். கால்தடத்தைப் பார்த்து ஆளை ஊகிப்பது போல. கோர்ட்டில் நிற்கக்கூடிய சாட்சியம்தான். இருந்தாலும் ஆளை நேரில் பார்த்த மாதிரி ஆகுமா?

நேரில் பார்ப்பதற்கு ஒரு பெரிய தடை இருந்தது. அந்தத் தடையைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் பெலிக்ஸ் ப்ளாக் என்ற சுவிட்ஸர்லாந்துக்காரர். 1928-இல், 22 வயதில், அவர் ஒரு கேள்வியைப் போட்டுக் கொண்டார். உலோகத்துக்குள்ளே அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எலெக்ட்ரான் எப்படி அவற்றின் மேல் மோதாமல் நெடுந்தூரம் போகிறது? அவர் கண்ட விடை, ட்ரூடேயின் பட்டாணிச் சித்திரத்தைத் தலைகீழாக்கிவிட்டது. அணுக்கள் ஒழுங்கு தவறாமல் வரிசை வரிசையாக நின்றால், எலெக்ட்ரான் அலைக்கு அவை தடையே அல்ல. அந்த ஒழுங்கோடு ஒழுங்காக அது வழுக்கிக் கொண்டு போய்விடும். உலோகத்தில் மின் தடை ஏற்படுகிறதே, அது அணுக்கள் இருப்பதனால் அல்ல. அவற்றின் வரிசை கெடுவதனால். உஷ்ணத்தினால் அணு அதிரும்போது வரிசை கெடுகிறது. ஓர் அணு இல்லாமற் போனாலும், அந்நிய அணு ஒன்று நுழைந்தாலும், ஸ்படிகம் ஓரிடத்தில் படிக்கட்டாக முடிந்தாலும் வரிசை கெடுகிறது. எலெக்ட்ரான் முட்டுவதெல்லாம் குறைகளின் மேல்தான்.

இதன் மறுபக்கத்தை யோசித்தால் வியப்பாக இருக்கும். குறையே இல்லாத உலோகத்தில் எலெக்ட்ரான் அலை எங்கும் ஒரே சீராகப் பரந்து கிடக்கும். காற்றில்லாத இரவில் தெப்பக்குளத்து நீர் கிடப்பது போல. அங்கே நீர் இருப்பதே தெரியாது. கரையிலோ நடுவிலோ ஒரு கல் இருந்து, அதில் அலை மோதித் திரும்பினால்தான் அது அலை என்று நமக்குப் புலனாகும்.

மோதித் திரும்பும் அலை, வருகிற அலையோடு கலக்கும். சில இடங்களில் இரண்டும் கூடி உயரும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். உயர்ந்த இடம் உயர்ந்தே நிற்கும். அடங்கிய இடம் அடங்கியே நிற்கும். ஓடுகிற அலை இல்லை இது. நின்ற இடத்தில் நின்று ஆடும் அலை. உலோகத்துக்குள்ளே ஓர் அந்நிய அணுவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இப்படித் தான் சிற்றலை வட்டங்களாக அடுக்கிக் கொண்டு நிற்கும் என்று, பிரான்ஸைச் சேர்ந்த ழாக் ப்ரீடெல் 1950-களில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. ஆனால் உலோகத்துக்குள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

உள்ளே பார்க்க வேண்டாம், மேலேயே பார்க்கலாம் என்பதற்கு இடம் இருந்தது. 1932-இல் ரஷ்யாவில் இகோர் டாம் என்பவர், ஸ்படிகத்தின் விளிம்பிலேயே தங்கிவிடும் எலெக்ட்ரான்கள் இருக்க முடியும் என்று எழுதினார். 1939-இல் அமெரிக்காவில் வில்லியம் ஷாக்லி அதையே வேறொரு விதமாக விளக்கினார். இவை திரிசங்கு எலெக்ட்ரான்கள். வெளியே போக உலோகம் விடாது. உள்ளே போக ஸ்படிகத்தின் ஒழுங்கு இடம் கொடாது. இரண்டுக்கும் நடுவே, மேற்பரப்பில் மட்டும் நாலா பக்கமும் உலாவிக் கொண்டிருக்கும். செம்பு, வெள்ளி, தங்கம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பிட்ட முகமாக அறுத்தால் இத்தகைய எலெக்ட்ரான்கள் அங்கே இருக்கின்றன. நம் வீட்டுப் பாத்திரக் கடை உலோகங்கள்தான்! இந்த எலெக்ட்ரான் குளத்தின் ஆழம் ஒன்றுமில்லை. நீள அகலம் மாத்திரம் உண்டு. அலையைப் பார்க்க இதைவிட வசதியான குளம் கிடைக்காது.

குளம் இருந்தது, கண் இல்லை. அந்தக் கண் 1981-இல் சுவிட்ஸர்லாந்தில் ஸூரிச் நகருக்கு அருகே, ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தது. கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் என்ற இருவரும் செய்த அந்தச் சாதனத்துக்கு ஸ்கானிங் டனலிங் மைக்ராஸ்கோப் என்று பெயர். மைக்ராஸ்கோப் என்று பெயரே தவிர, அதில் கண்ணாடியும் இல்லை, ஒளியும் இல்லை. ஓர் ஊசி இருக்கிறது. அதன் முனை அணு அளவுக்குக் கூர்மையானது. அந்த முனையை உலோகத்தின் மேலே சில அணுக்களின் உயரத்தில், தொட்டும் தொடாமலும் நிறுத்தி, கொஞ்சம் மின் அழுத்தம் கொடுத்தால், இடைவெளியைத் தாண்டி எலெக்ட்ரான்கள் போகும். துகளானால் தாண்ட முடியாது. அலையாக இருப்பதனால், சுவரில் ஈரம் ஊறுவது போல் அந்தப் பக்கம் கசிந்து விடுகிறது. ஊசி ஓர் ஆங்ஸ்ட்ராம் உயர்ந்தால் இந்த மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம்.) ஆகவே மின்னோட்டம் மாறாதபடி ஊசியை ஏற்றி இறக்கிக் கொண்டே வரிவரியாக நகர்த்தினால், ஊசி ஏறி இறங்கின கதையே மேற்பரப்பின் படமாகிவிடும். கண் தெரியாதவர் விரலால் எழுத்தைத் தடவிப் படிக்கிறார் அல்லவா? அதே முறைதான். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த ஊசி இன்னொன்றும் செய்யும். அது தடவுவது அணுக்களின் மேடுபள்ளத்தை மாத்திரம் அல்ல. எந்த இடத்தில் எலெக்ட்ரான் அதிகமாகத் தென்படக் கூடுமோ, அந்த இடத்தில் மின்னோட்டமும் அதிகமாகும். ஊசி மேலே ஏறும். எலெக்ட்ரான் அலையின் முகடும் அதற்கு ஒரு மேடுதான்.

அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தின் ஸான் ஹோஸே நகரில், அதே கம்பெனிக்கு ஆல்மடன் என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அங்கே டான் ஐக்ளர் என்பவர் இந்த மைக்ராஸ்கோப்பைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி குளிரில் வேலை செய்யும்படி அமைத்தார். அந்தக் குளிரில் அணுக்கள் வைத்த இடத்தில் இருக்கும். 1989-இல் அவர், ஊசி முனையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கீழே இருக்கும் அணு அதன் இழுப்புக்குக் கட்டுப்பட்டுக் கூடவே வருகிறது என்று கண்டார். வேண்டிய இடத்துக்கு இழுத்துக் கொண்டு போய், ஊசியை உயர்த்தினால் அணு அங்கேயே நின்றுவிடுகிறது. 35 ஸெனான் அணுக்களை நிக்கலின் மேல் இப்படி ஒவ்வொன்றாக இழுத்து வைத்துத் தம் கம்பெனியின் மூன்று எழுத்துப் பெயரை எழுதிக் காட்டினார். உலகத்திலேயே மிகச் சிறிய விளம்பரப் பலகை அதுதான். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் நாலு வருஷம் கழித்து நடந்தது. அதில் எழுத்து இல்லை, வெறும் வட்டம்.

ஐக்ளரும், மைக்கேல் க்ரோமி, கிறிஸ்டபர் லட்ஸ் என்ற இருவரும் செம்பு ஸ்படிகத்தின் முகத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஸ்படிகத்தில் அங்கங்கே படிகள் இருக்கும். சில அந்நிய அணுக்கள் ஒட்டிக் கொண்டிருக்கும். அந்தப் படிகளின் ஓரத்திலும் அணுக்களைச் சுற்றியும் ஊசி விநோதமாக ஏறி இறங்கிற்று. படிக்கு இணையாக வரி வரியாகச் சிற்றலைகள். ஒற்றை அணுவைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிற்றலைகள். குளத்தில் சிறுவன் எறிந்த கல்லைச் சுற்றி எழுவது போலவே, ஆனால் நகராமல் நின்றன. முகட்டுக்கு முகடு சுமார் 15 ஆங்ஸ்ட்ராம். உயரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் நூற்றுக்குச் சில பங்கு. குறையின் மேல் மோதிச் சிதறித் திரும்பின எலெக்ட்ரான் அலை, வருகிற அலையோடு சேர்ந்து நின்று ஆடிக் கொண்டிருந்தது. 1993 ஜூன் மாதம் இதை வெளியிட்டார்கள். அதே வருஷம் நியூயார்க் மாகாணத்தில் ஹாஸெகாவா, அவூரிஸ் என்ற இருவரும் தங்கத்தின் படிகளின் ஓரத்தில், அறையின் சாதாரண உஷ்ணத்திலேயே, இதே அலையைக் கண்டு எழுதினார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு சின்ன யோசனை பெரிய திருப்பமாயிற்று. ஸ்படிகம் தானாகக் கொடுத்த குறைகளை வைத்துக் கொண்டு ஏன் காத்திருக்க வேண்டும்? குறையை நாமே உண்டாக்கினால்? ஓர் அணு அலையைச் சிதற அடிக்கிறது என்றால், பல அணுக்களை வட்டமாக நிறுத்தினால் அலை உள்ளே அகப்பட்டுக் கொள்ளாதா?

செம்பின் மேல் இரும்பு அணுக்களைத் தூவினார்கள். அவற்றில் 48 அணுக்களை ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்து வந்து, 71.3 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள வட்டமாக நட்டார்கள். கிராமத்தில் வழி தவறிய மாட்டைப் பிடித்து அடைப்பார்களே, அந்தப் பட்டிதான் இது. அவர்கள் வைத்த பெயரும் அதுவே: குவாண்டம் பட்டி. பிறகு ஊசியை வட்டத்தின் மேல் வரிவரியாக ஓட்டினார்கள்.

48 இரும்பு அணுக்களும் கிரீடத்தின் முத்துக்கள் போல் சுற்றி நின்றன. உள்ளே, நடுவிலிருந்து விளிம்பு வரை, வட்டத்துக்குள் வட்டமாக எலெக்ட்ரான் அலை நின்று கொண்டிருந்தது. 1993 அக்டோபரில் உலகம் அந்தப் படத்தைப் பார்த்தது. கம்பெனிக்கு அது கெட்ட காலம். முந்தின வருஷம் ஏறக்குறைய 500 கோடி டாலர் நஷ்டம். உடனே காசாகாத காரியங்களில் சிறந்த ஒன்று அந்த வருஷத்தில் வந்தது.

வெளியுலகம் படத்தைப் பார்த்து மகிழ்ந்ததைவிட, பௌதிகம் படித்தவர்கள் மகிழ்ந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 1926-இல் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டை எழுதிய நாளிலிருந்து, காலேஜ் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முதல் கணக்கு, பெட்டியில் அடைத்த எலெக்ட்ரான். பெட்டிக்குள் எந்தெந்த அலை பொருந்தும், அவற்றின் சக்தி என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அது வாத்தியார் சாக்கட்டியால் கரும்பலகையில் வரைந்த பெட்டி. அப்படி ஒரு பெட்டி உலகத்தில் எங்காவது இருக்கும் என்று பையனும் நினைத்ததில்லை, வாத்தியாரும் நினைத்ததில்லை. இப்போது 48 அணுக்களால் அந்தப் பெட்டியைக் கட்டி, அலையையும் அளந்து, சக்தியையும் அளந்தாயிற்று. கரும்பலகைக் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப் போயிற்று.

அந்தக் கணக்கு நமக்கும் அந்நியமல்ல. வட்டமான பட்டிக்குள் எலெக்ட்ரான் அலைக்கு எந்தக் கணிதமோ, வட்டமான தோல் வாத்தியத்துக்கும் அதே கணிதம்தான். விளிம்பில் இறுக்கிக் கட்டிய தோலைத் தட்டினால், அதுவும் வட்டத்துக்குள் வட்டமாகவும் குறுக்குக் கோடுகளாகவும் பிரிந்து ஆடும். ஆனால் சாதாரணத் தோலில் எழும் உப சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் நடுவே கருமையாகக் கனம் ஏற்றியிருப்பதனால் அவை இசைந்து வருகின்றன என்று காட்டியவர் ஸர் சி. வி. ராமன். 1920-இலும் பிறகு 1934-இலும் அவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தோலின் ஒரே சீரைக் கெடுத்து வைத்த அந்தக் கறுப்பு வட்டம்தான் வாத்தியத்துக்கு நாதத்தைக் கொடுக்கிறது. குறை என்பதா அதை?

மறுபடியும் பட்டிக்கு வருவோம். இந்த வேலி எவ்வளவு பலமானது? அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே 9 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இடைவெளி. பாதி வேலி திறந்தே கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் எலெக்ட்ரான் அலையின் முழு நீளம் சுமார் 30 ஆங்ஸ்ட்ராம். அலைக்கு அந்த இடைவெளிகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. மொத்தமும் ஒரு சுவராகவே தோன்றுகிறது. இருந்தாலும் அது நல்ல சுவர் அல்ல. எரிக் ஹெல்லர் என்பவர் ஐக்ளர் கோஷ்டியோடு சேர்ந்து 1994-இல் போட்ட கணக்கு அதை அம்பலப்படுத்திற்று. வேலியில் மோதுகிற அலையில் கொஞ்சம்தான் உள்ளே திரும்புகிறது. கொஞ்சம் வெளியே கசிகிறது. கணிசமான பகுதி மேற்பரப்பை விட்டே நழுவி, செம்பின் உட்புறத்தில் இறங்கி மறைந்து போகிறது. திரும்பி வருகிற கொஞ்சத்தை வைத்துக் கொண்டுதான் அந்த அழகான வட்டங்கள் எல்லாம்!

இதனால் ஓர் ஏமாற்றமும் ஏற்பட்டது. ஓட்டப் பந்தய மைதானம் போல நீள வட்டமாக ஒரு பட்டியும் கட்டிப் பார்த்தார்கள். அத்தகைய வடிவத்துக்குள் பந்து ஒன்றை உருட்டிவிட்டால், அது முட்டி முட்டித் திரும்பும் வழி சீக்கிரத்திலேயே யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி தாறுமாறாகிவிடும். எலெக்ட்ரான் அலை அந்தத் தாறுமாறை எப்படிக் காட்டும் என்று பார்க்க ஆசை. ஆனால் பல முறை முட்டித் திரும்பினால் அல்லவா அது தெரியும்? அதற்குள் அலை கசிந்து போய்விட்டது. வேலி போட்டவர்கள் வேலியின் குணத்தையும் ஒப்புக் கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொரு சந்தேகத்தையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. அந்தப் படத்தில் நாம் பார்ப்பது எலெக்ட்ரானையா? நீலமும் சிவப்புமாக அச்சான அந்த வர்ணங்கள் மனிதன் பூசியவை; அணுவுக்கு நிறமில்லை. படத்தில் இருப்பது ஓர் எலெக்ட்ரானின் யாத்திரையும் அல்ல. ஊசி வழியே ஒரு நானோ ஆம்பியர் மின்னோட்டம் போகிறது என்றால், வினாடிக்கு 600 கோடிக்கு மேல் எலெக்ட்ரான்கள் போகின்றன என்று அர்த்தம். அத்தனை கோடி எலெக்ட்ரான்களும் இங்கே அதிகம், அங்கே குறைவு என்று சேர்ந்து எழுதிக் கொடுத்த கணக்குத்தான் படம். ஆனால் அந்தக் கணக்கில் கூடுதலும் குறைவும் அலையின் முறைப்படி வருகின்றனவே, அதுதான் விஷயம். டேவிஸன் கால்தடம் பார்த்தார். இவர்கள் நிழலைப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தோம் என்று சொன்னால் மிகை. பார்க்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம்.

அதற்குப் பிறகு குறை என்ற சொல்லுக்கு இந்தச் சாஸ்திரத்தில் அந்தஸ்து உயர்ந்துவிட்டது. 2000-ஆம் வருஷம் ஹரி மனோகரன், லட்ஸ், ஐக்ளர் மூவரும் முட்டை வடிவமான பட்டி கட்டினார்கள். அத்தகைய வடிவத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒன்றிலிருந்து புறப்படும் அலை சுவரில் பட்டு மற்றொன்றில் வந்து கூடும். ஒரு குவியத்தில் கோபால்ட் அணு ஒன்றை வைத்தார்கள். அணுவே இல்லாத மற்றக் குவியத்திலும் அதன் காந்த அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. கானல் நீர் போல் ஒரு கானல் அணு! இரண்டு வெவ்வேறு வடிவமான மேளங்கள் ஒரே ஓசை கொடுக்க முடியுமா என்று கணித மேதைகள் வெகு நாள் மண்டையை உடைத்துக் கொண்டு, முடியும் என்று 1992-இல் கண்டார்கள். அத்தகைய இரண்டு மேளங்களை மனோகரனும் அவருடைய ஸ்டான்போர்ட் சகாக்களும் 2008-இல் செம்பின் மேல் எலெக்ட்ரான் பட்டிகளாகவே கட்டிக் காட்டினார்கள்.

இவையெல்லாம் வித்தை என்று யாராவது சொன்னால், இன்னொரு வகை வேலையும் இருக்கிறது. புதிதாக ஒரு பொருள் கிடைத்தால், அதற்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடமாடுகின்றன என்று அறிய, இன்று அதன் மேல் இருக்கும் குறைகளைத் தேடிப் போகிறார்கள். குறையைச் சுற்றி நிற்கும் சிற்றலையின் நீளத்தையும் திசையையும் அளந்தால், அந்தப் பொருளின் உள் விவகாரம் தெரிந்துவிடும். மின் தடையே இல்லாமல் போகும் சில விநோதப் பொருள்களை இப்படித்தான் ஆராய்கிறார்கள். 2009-இல் பிஸ்மத்தும் ஆண்டிமனியும் கலந்த ஒரு பொருளைப் பார்த்தபோது, அதன் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் குறையின் மேல் மோதிச் சிதறினாலும், வந்த வழியே நேரே திரும்புவதில்லை என்று கண்டார்கள். அந்தச் செய்தியைச் சொன்னதும் குறைகள்தான்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. குணக் கேடே இல்லாத மனிதனை வைத்து ஒரு பக்கம் எழுதலாம். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றுவிடும். ஆனால் விஞ்ஞானத்தை நீதிக் கதையாக்கிக் குறைக்கெல்லாம் மாலை போட வேண்டியதில்லை. செம்பை அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்திராவிட்டால், 48 அணுக்கள் செய்த காரியம் ஆயிரம் அழுக்குகளின் இரைச்சலில் கேட்டிருக்காது. டேவிஸனின் நிக்கலும் தன் பொடி ஸ்படிகங்களின் கலவரம் அடங்கின பிறகுதான் பேசிற்று. ஒழுங்கு எவ்வளவு பெரிதோ, அதில் விழுந்த ஒரு வடுவின் குரல் அவ்வளவு தெளிவு.

அந்த 48 இரும்பு அணுக்களும் தாங்களாக ஒரு நாளும் அப்படி வட்டமாக நின்றிருக்கமாட்டா. குளிர் நீங்கினால் அடுத்த கணமே கலைந்து போயிருக்கும். ஸ்படிகத்துக்கு அவை வேண்டாத விருந்தாளிகள். அந்த வேண்டாதவர்கள் கை கோத்து நின்றபோதுதான், செம்பு தன் மேல் எப்போதும் ஓடிக் கொண்டிருந்த அலையை முதல் முறையாக முழு வட்டமாகக் காட்டிற்று.